வெற்றுக் குழாயில் வந்த ஒளி

சற்று நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம். எங்கள் துறையில் அண்மையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த இளையவர் ஒருவர், "இத்தனை ஆண்டு ஆய்வில் நீங்கள் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம் எது?" என்று கேட்டார். கருவிகளைப் பற்றியோ கோட்பாட்டைப் பற்றியோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் ஒரு வெற்றுக் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் தேநீர் ஆறும் நேரத்தில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மின்சாரம் நின்றுபோன இரவுகளில் கைவிளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடிப் பார்த்திருப்பீர்கள். கை முழுவதும் செந்நிறமாக ஒளிரும்; விரல்களின் ஓரங்கள் கனன்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். ஆனால் எலும்பு தெரியாது. ஒளி கையைக் கடந்து வந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. இருந்தும், வழியில் எதைக் கண்டது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. உயிருள்ள திசுவை ஒளியால் படம்பிடிக்க முயலும் துறையின் முழுச் சிக்கலும் அந்த உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கிறது.

நீலத்தையும் பச்சையையும் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பெரிதும் உட்கவர்ந்துவிடுகிறது. சிவப்பும் அதற்கப்பாலுள்ள அண்மை அகச்சிவப்பும், அதாவது ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களும், ஓரளவு தப்பிப் பிழைக்கின்றன. பிழைத்தாலும் நேராக வருவதில்லை. செல்லின் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கொலாஜன் இழை என்று எதிர்ப்படும் ஒவ்வொன்றும் ஒளியைத் திசைதிருப்புகிறது. ஓர் ஒளித்துகள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கு ஒருமுறை சிதறடிக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் கடப்பதற்குள் தான் புறப்பட்ட திசையையே மறந்துவிடுகிறது. 2 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வெளிவரும் ஒளி, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தள்ளுண்டு தள்ளுண்டு வெளியே வந்து விழுந்தவரைப் போன்றது. எந்தத் தெருவிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

இந்த நிலையில்தான் உடனொளிர்வு, அதாவது ஃப்ளூரசன்ஸ், நமக்குத் தேவைப்படுகிறது. ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு சற்று நீண்ட அலைநீளத்தில் வேறொரு நிறத்தைத் திருப்பித் தரும் மூலக்கூறுகள் உண்டு. அந்நிகழ்வுக்கு 1852-இல் பெயரிட்டவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். இத்தகைய மூலக்கூறைப் புற்றுச்செல்லையோ நிணநீர்க்கணுவையோ தேடிச் செல்லும்படி செய்துவிட்டால், அது ஒளிரும் இடமே நாம் தேடும் இடம். இந்தோசயனின் கிரீன் என்னும் சாயம் 1959 முதல் மனித உடலில் பயன்பட்டு வருகிறது. கல்லீரலின் செயல்பாட்டை அளக்கவும், விழித்திரைக்குப் பின்னுள்ள குருதிக்குழாய்களைப் பார்க்கவும், மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது முதல் நிணநீர்க்கணுவைக் கண்டறியவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கணு தோலுக்குச் சற்றுக் கீழே இருந்தால் ஒளிப்படக் கருவியில் தெளிவாகத் தெரிகிறது. ஆழம் கூடக்கூட அது ஒரு மங்கல் மேகமாகிறது. சில சென்டிமீட்டர் ஆழத்தில், அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்ல இயலாது. எங்கே கத்தி வைப்பது என்று காத்திருக்கும் மருத்துவருக்கு அந்தப் பதில் போதாது.

ஒலியின் நிலை வேறு. மென்திசுவில் மீயொலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒளியோடு ஒப்பிட்டால் அது சிதறுவது நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைவு. 2.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் அலைநீளம் 0.6 மில்லிமீட்டர், நல்ல குவிப்பான் இருந்தால் பல சென்டிமீட்டர் ஆழத்திலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியில் அதைக் குவிக்க முடியும். ஆனால் ஒலிக்கு மூலக்கூறுகளின் பெயர் தெரியாது. ஒரு கட்டி கடினமா மென்மையா என்று சொல்லும். அதற்குள் இன்ன புரதம் இருக்கிறது என்று சொல்லாது. ஒளிக்குப் பெயர் தெரியும், முகவரி தெரியாது. ஒலிக்கு முகவரி தெரியும், பெயர் தெரியாது. இரண்டையும் சேர்ப்பதே என் ஆய்வு.

சேர்க்கும் வழிகள் பல. ஒளியை உள்ளே அனுப்பி, அதை வாங்கிச் சூடான பொருள் விரிவதால் எழும் ஒலியை வெளியே கேட்பது ஒளியொலிப் படமாக்கம். அதன் வேர் 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் கண்ட நிகழ்வில் இருக்கிறது. இன்று அது நன்கு வளர்ந்த துறை. ஆனால் அங்கே குருதியும் உரக்கப் பேசும்; சிறிதளவே உள்ள சாயத்தின் குரலை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இதன் மறுதலை. ஒலியை உள்ளே ஒரு புள்ளியில் குவிப்பது. அந்தப் புள்ளியிலுள்ள சாயத்தின் ஒளிர்வை மட்டும் அந்த ஒலியால் மாற்றுவது. வெளிவரும் ஒளியில் மாறிய பங்கை மட்டும் பொறுக்கி எடுப்பது. ஒளி எந்தெந்த வழியாகச் சுற்றி வந்தாலும் கவலையில்லை. மாறியிருந்தால் அது ஒலி தொட்ட புள்ளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எண்ணம் எளியது, அழகானது. அதன் அழகில்தான் நான் ஏமாந்தேன்.

முதலில் நான் கட்டிய அமைப்பைச் சொல்கிறேன். ஒரு நீர்த்தொட்டி. அதற்குள் கோழியின் நெஞ்சுக்கறித் துண்டு. எலும்பும் தோலும் இல்லாமல் ஒரே கனத்தில் வேண்டும் என்று வாரந்தோறும் கேட்டு நின்ற என்னிடம் கடைக்காரர், அதை எப்படிச் சமைப்பேன் என்று ஒருநாள் விசாரித்தார். லேசரால் என்று சொல்லத் துணிவில்லை. துண்டின் நடுவில் குருதிக்குழாய்க்கு மாற்றாக ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாய். குழாய்க்குள் இந்தோசயனின் கிரீன் கரைசல். ஒருபுறம் 785 நானோமீட்டர் லேசர், எதிர்ப்புறம் ஒளி உணரி. உணரிக்கு முன்னால் 830 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் வடிகட்டி. மேலிருந்து 2.5 மெகாஹெர்ட்ஸ் மீயொலி. உணரியின் குறிப்பலையில் அதே 2.5 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு இருக்கிறதா என்று தேடும் லாக்-இன் பெருக்கி. ஒலிக் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் அந்தத் துடிப்பின் அளவைக் குறிக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அது வந்தது. குவியம் குழாயை நெருங்க நெருங்கத் துடிப்பு ஏறியது, குழாயின் மேல் உச்சம் தொட்டது, கடந்ததும் இறங்கியது. வரைபடத்தில் ஓர் அழகிய மேடு. மூன்றரை ஆண்டுகளாகக் காத்திருந்த மேடு அது. நான் பொறுப்பற்றவனல்லன், சரிபார்க்கவும் செய்தேன். மீயொலியை நிறுத்தினேன்; துடிப்பு மறைந்தது. டிரான்ஸ்டியூசரை இயக்கும் மின்னலை காற்று வழியாக உணரிக்குள் நேரே நுழைந்திருக்கலாம் என்பதால், லேசரை மட்டும் மறைத்துப் பார்த்தேன், துடிப்பு மறைந்தது. ஆகவே அது ஒளியால் வந்தது, ஒலியால் வந்தது. வேறென்ன வேண்டும்? அடுத்த வாரமே ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம். ஏற்கப்பட்டது. வாய்மொழி அமர்வு என்று மின்னஞ்சல் வந்தது.

சுவரொட்டியாக இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. உரைக்கான படங்களைக் காட்டப் போனபோது என் நெறியாளர் அந்த மேட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது?" என்று கேட்டார். குவியத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர்; குழாய் அதைவிடச் சிறியது. மேடோ ஆறேழு மில்லிமீட்டர் பரந்து கிடந்தது. குழாய் சற்றுச் சாய்ந்திருக்கலாம் என்றேன். அந்த விளக்கத்தை எனக்கு நானே பல முறை சொல்லிப் பழகியிருந்ததால் அது தயக்கமின்றி வந்தது. அவர் தலையசைத்துவிட்டு, "சாயம் இல்லாமல் செய்து பார்த்தீர்களா?" என்றார்.

செய்யவில்லை, மேடம் என்றேன். ஏன் செய்யவில்லை என்பதை இன்று நேர்மையாகச் சொல்ல முடியும். சாயம் ஊறிய குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாயும் புதுக் கறித்துண்டும் வைத்து, எல்லாவற்றையும் மறுபடி ஒருங்குசெய்ய வேண்டும். அது ஒரு முழு நாள் வேலை. உண்மையான காரணம் அதுவன்று. விடை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்தேன். தெரிந்த விடைக்கு யார் ஒரு நாளைச் செலவிடுவார்கள்?

மறுநாள் குழாயில் வெறும் நீரை நிரப்பி அளந்தேன். அதே மேடு வந்தது.

குழாயை முழுவதும் எடுத்துவிட்டு வெறும் கறியை மட்டும் வைத்தேன். அப்போதும் வந்தது. நான் கண்டுகொண்டிருந்தது சாயத்தையன்று. ஒளி மூலத்துக்கும் உணரிக்கும் நடுவே எந்த இடத்தில் லேசர் ஒளி மிகுதியாகக் கடந்ததோ, அந்த இடத்தைக் கண்டுகொண்டிருந்தேன். குழாயை நான் சரியாக நடுவில் வைத்திருந்தேன்; உச்சமும் நடுவில் வந்தது. குழாயை ஓரத்தில் வைத்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் என் மனம் எங்கெல்லாம் போயிற்று என்பதையும் எழுதியாக வேண்டும். இந்தப் பதிவின் தேவையே அதுதான். ஐந்து ஆண்டு உதவித்தொகையில் மீதமிருந்தது ஓர் ஆண்டும் சில மாதங்களும். கையில் வேறு முடிவு எதுவுமில்லை. சாயத்தோடு வந்த மேட்டிலிருந்து சாயமில்லாமல் வந்த மேட்டைக் கழித்தால் என்ன என்று தோன்றியது. கழித்தேன். சிறியதொரு நேர்மறை எச்சம் கிடைத்தது. பின்னணி நீக்கப்பட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த வரியைத் தட்டச்சும் செய்தேன். பிறகு ஏதோ உறுத்த, முழுச் சோதனையையும் மேலும் ஆறு முறை செய்தேன். மூன்று முறை எச்சம் நேர்மறையாக வந்தது. மூன்று முறை எதிர்மறையாக வந்தது. நான் கழித்துப் பெற்றது என் கை நடுக்கத்தை மட்டுமே.

நெறியாளரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நல்ல வேளை, நாமே பார்த்தோம்" என்றார். அன்று மாலையே இருவரும் சேர்ந்து சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கான கடிதத்தை எழுதினோம். நான்கு வரி. என் ஆய்வு வாழ்வில் இதுவரை நான் எழுதியவற்றில் ஐயத்துக்கு இடமில்லாத நான்கு வரிகள் அவைதாம்.

அதன் பிறகுதான் உண்மையான ஆய்வு தொடங்கியது. லேசர் ஒளி எப்படி வடிகட்டியைத் தாண்டியது? பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் விடாது என்று வடிகட்டியின் விவரத்தாளில் எழுதியிருந்தது. அது பொய்யன்று. ஆனால் அந்த வாக்குறுதி செங்குத்தாக வந்து விழும் ஒளிக்கு மட்டுமே. இவ்வகை வடிகட்டி மெல்லிய படலங்கள் பலவற்றை அடுக்கி, அவற்றுக்கிடையே எழும் குறுக்கீட்டால் இயங்குகிறது. ஒளி சாய்வாக வந்தால் அதன் எல்லை குறைந்த அலைநீளத்தை நோக்கி நகரும். படலங்களின் பயனுறு ஒளிவிலகல் எண் 2 என்று கொண்டால், 830 நானோமீட்டரில் தொடங்க வேண்டிய வாசல் 40 பாகைச் சாய்வில் 786 வரை இறங்கிவிடுகிறது. என் லேசர் 785. திசுவிலிருந்து வெளிவரும் ஒளியோ திசை மறந்த ஒளி; எல்லாச் சாய்விலும் வரும். எந்தச் சிதறலை வெல்வதற்காக இத்தனையும் செய்தேனோ அதே சிதறல் என் வாயிற்காவலனையும் ஏமாற்றியிருந்தது. இந்தக் கணக்கு இளநிலை ஒளியியல் பாடத்தில் இருப்பது. நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

கசிந்த லேசர் ஒளி மீயொலியின் அதிர்வெண்ணில் துடித்தது ஏன் என்பது அடுத்த கேள்வி. என் போலிக் குறிப்பலைக்கு ஒரு குலப்பெருமை உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. மீயொலி பாயும் நீர்மத்தின் ஊடே ஒளி செல்லும்போது அது பல கற்றைகளாகப் பிரிவதை 1932-இல் அமெரிக்காவில் டிபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிகாரும் கண்டனர். அதற்கு நிறைவான விளக்கம் பெங்களூரில் பிறந்தது. சி. வி. ராமனும் என். எஸ். நாகேந்திர நாத்தும் 1935-லும் 1936-லும் தொடர் கட்டுரைகளாக எழுதிய கோட்பாடு அது. ஒலியலை நீர்மத்தை அடர்த்தும் தளர்த்தும். அதனால் ஒளிவிலகல் எண் வரிவரியாக மாறும். கடந்துசெல்லும் ஒளியின் கட்டம் அதற்கேற்ப நெளியும். பிரியும் ஒவ்வொரு கற்றையின் அதிர்வெண்ணும் ஒலியின் அதிர்வெண்ணளவு, அல்லது அதன் முழு மடங்களவு, விலகியிருக்கும். அதாவது ஒலி தன்னைக் கடந்த ஒளியின் மேல் ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறது. திசுவுக்குள் நடப்பது இதைவிடச் சிக்கலானது. அங்கே சிதறும் துகள்களும் ஒலியோடு அசைகின்றன. ஆயினும் முத்திரை முத்திரையே. நான் பயிலும் அதே ஊரில் எழுதப்பட்ட கட்டுரைகள்; நான் படித்தும் இருந்தேன். என் உணரியில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எனக்குக் குப்பையாக வந்த இந்த முத்திரையிட்ட ஒளி, வேறு சிலருக்குப் புதையல். 2011-இல் லிஹாங் வாங் குழுவினர், ஒலிக் குவியத்தில் முத்திரை பெற்ற ஒளியை மட்டும் பிரித்து, அதன் கட்டத்தைத் தலைகீழாக்கி, வந்த வழியே திருப்பி அனுப்பினர். அவ்வாறு அனுப்பினால் அது சிதறிய பாதைகளை எல்லாம் மறுபடி நடந்து ஒலிக் குவியத்திலேயே மீண்டும் குவியும். மறு ஆண்டே வேறொரு குழு இதே வழியில் உடனொளிர்வைத் தூண்டிப் படமெடுத்துக் காட்டியது. குறிப்பலை எது, இரைச்சல் எது என்பதை இயற்கை வரையறுப்பதில்லை. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நாம்தான் வரையறுக்கிறோம். அதை வரையறுக்காமலேயே நான் அளக்கத் தொடங்கியதுதான் பிழை.

வடிகட்டிக்கு முன்னால் ஒளியை இணையாக்கும் வில்லைகளை வைத்தேன். சாய்கோணக் கதிர்களைத் துளைத்தகட்டால் வெட்டினேன். சாய்வைப் பொருட்படுத்தாத, உட்கவரும் வண்ணக் கண்ணாடி வடிகட்டி ஒன்றையும் சேர்த்தேன். கசிவு அடங்கியது. மேடும் அதனோடு அடங்கியது. எஞ்சியது தட்டையான கோடு. ஏன் என்பதும் இப்போது விளங்கிற்று. லேசர் ஒளி ஓரியல்பு உடையது. அதன் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் கட்டத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் செறிவில் தெரியும். உடனொளிர்வில் ஒவ்வொரு மூலக்கூறும் தன்னிச்சையாக, தனக்குத் தோன்றிய நொடியில் ஒளிர்கிறது. அங்கே குறுக்கீடு இல்லை. ஒலி கட்டத்தை எவ்வளவு குலுக்கினாலும் செறிவு ஏறத்தாழ அசைவதில்லை. ஒலியின் அழுத்தத்தால் நேரும் மிகச் சிறிய மாற்றம் மட்டுமே எஞ்சும். அதைக் கேட்க என் கருவிக்குச் செவி போதாது.

குலுக்குவது பயன்படாதென்றால், திறக்கவும் மூடவும் செய்தால் என்ன? இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பாவோஹாங் யுவான் குழுவினர் 2012 முதல் வளர்த்துவரும் முறை இது. வெப்பம் பட்டால் சுருங்கும் பலபடிகள் உண்டு. என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடின் பலபடி 32 பாகை செல்சியஸை ஒட்டிச் சுருங்குகிறது. அதற்குக் கீழே நீரை உறிஞ்சி உப்பியிருக்கும்; மேலே நீரை உமிழ்ந்து இறுகும். இந்தோசயனின் கிரீனை அத்தகைய நுண்துகளுக்குள் அடைத்தால், நீர் சூழ்ந்த நிலையில் மங்கியிருக்கும் சாயம், நீர் வெளியேறியதும் பளிச்சென்று ஒளிரும். மீயொலி குவியும் புள்ளியில் திசு சில பாகை சூடாகிறது. அந்தப் புள்ளியிலுள்ள துகள்கள் மட்டும் விளக்கேற்றிக்கொள்கின்றன. ஒலிக்கு முன் ஒரு படம், ஒலிக்குப் பின் ஒரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது அந்தப் புள்ளி. வாசலின் வெப்பநிலையைக் குவியத்தின் நடுப்பகுதி மட்டுமே தாண்டும்படி ஒலியின் அளவைக் குறைத்தால், புள்ளி ஒலிக் குவியத்தைவிடவும் சிறியதாகும்.

கவனியுங்கள்: இங்கும் கழித்தல்தான் நடக்கிறது. அந்த இரண்டு நாளில் நான் செய்ய முயன்றதும் கழித்தல்தான். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? அன்று எனக்கு வேண்டிய விடையைப் பிதுக்கி எடுக்கக் கழித்தேன். இங்கே எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பது கழிப்பதற்கு முன்பே உறுதியாகத் தெரிகிறது. அந்த உறுதியைத் தருவது வெற்றுச் சோதனை மட்டுமே.

ஆகவே இம்முறை வெற்றுக் குழாயிலிருந்து தொடங்கினேன். முதலில் நீர், தட்டைக் கோடு. அடுத்து, பலபடி இல்லாத வெறும் இந்தோசயனின் கிரீன். நீரில் கரைந்த இந்தச் சாயம் சூடேறினால் சற்று மங்கும். ஆகவே மேடு வரக்கூடாது, பள்ளம் வர வேண்டும். பள்ளம் வந்தது. சிறிய பள்ளம், குழாய் இருந்த இடத்தில், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில். அதன் பிறகே துகள்களை நிரப்பினேன். மேடு வந்தது, பள்ளம் இருந்த அதே இடத்தில், அதே அகலத்தில். குழாயை ஓரத்துக்கு நகர்த்தினேன். மேடும் ஓரத்துக்கு நகர்ந்தது. அந்தப் பள்ளத்தைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியை மேடு தரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆய்வகத்தின் வெப்பநிலை 25 பாகை. கறித்துண்டும் அதே 25 பாகை. என் துகள்கள் 32-ஐ ஒட்டித் திறப்பவை. உயிருள்ள உடல் 37 பாகை. அங்கே செலுத்தினால், ஒலி தொடுவதற்கு முன்பே எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். செத்த திசுவில் நான் பெற்ற ஒளி, உயிருள்ள திசுவில் ஒன்றுமே சொல்லாது. நீர்விருப்பம் மிக்க அக்ரிலமைடைச் சேர்த்துப் பலபடியின் வாசலை உடல் வெப்பத்துக்குச் சற்று மேலே உயர்த்தலாம், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீர்த்தொட்டியை 37 பாகையில் நிறுத்தி எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அடுத்த தடைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. திசுவில் வெப்பம் ஒரு நொடியில் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் பரவிவிடும். ஆகவே ஒரு நொடிக்குள் சுட்டு, அளந்து முடிக்க வேண்டும். ஓடும் குருதி சூட்டைக் கொண்டுபோய்விடும். மயக்கமருந்து கொடுத்த எலியின் உடல் குளிரும். வெப்பமெத்தையில் கிடத்தி, ஒவ்வொரு பாகையையும் கண்காணிக்க வேண்டும். காய்ச்சல் கண்ட நோயாளியின் உடலில் வாசல் எங்கே இருக்க வேண்டும் என்பதும் ஒருநாள் எழப்போகும் கேள்வி. விலங்கு நெறிக்குழுவுக்கான விண்ணப்பம் என் மேசையில் பாதி நிரம்பிக் கிடக்கிறது. அதில் "கட்டுப்பாட்டுக் குழு" என்ற பகுதியைத்தான் முதலில் நிரப்பினேன்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எதிர்பார்த்த விடை வந்தவுடன் நாம் தேடலை நிறுத்திவிடுகிறோம். எதிர்பாராத விடை வந்தால் ஒரு மாதம் தேடுகிறோம். பிழைகள் எல்லாம் முதல் வகை விடைகளுக்குள்தான் பத்திரமாகக் குடியிருக்கின்றன. எனவே உங்கள் சோதனையில் நீங்கள் தேடும் பொருளை முழுவதும் எடுத்துவிட்டு, அப்போதும் அது தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு நாள் ஆகும். எனக்கு அந்த ஒரு நாளைச் செலவிடாததால் ஏழு மாதம் போயிற்று. இன்னொன்று: முடிவு தவறென்று தெரிந்த நாளில் உங்கள் நெறியாளரிடம் அச்சமின்றிப் போய்ச் சொல்ல முடிகிறதா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அவ்வகையில் நான் கொடுத்துவைத்தவன். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை என்பதை அறிவேன். வழிகாட்டும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் மாணவர் அந்த இரண்டு நாளை எப்படிக் கழிப்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

வடிகட்டியின் சாய்கோணக் கசிவைச் சோதிக்கும் எளிய நடைமுறை ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அண்மை அகச்சிவப்பு உடனொளிர்வில் வேலை செய்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். 37 பாகையில் இந்தத் துகள்களைக் கையாண்டவர்கள் யாரேனும் இருந்தால் தொடர்புகொள்ளுங்கள். கேட்க எனக்குக் கேள்விகள் நிறைய உள்ளன.

அந்த முதல் மேட்டின் வரைபடம் இன்னும் என் மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. அருகிலேயே வெறும் நீர் நிரப்பிய குழாயின் வரைபடம். பெயரை மறைத்துவிட்டால் எது எதுவென்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.